அண்டை வீடும் அயல் கண்டமும்: கற்பனை விளையாட்டு நாடுகளின் வரலாற்று வேர்கள்

1977இல் அமெரிக்காவில் வெளியான ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்ற பூதங்களின் பட்டியலில் ஒரு ராட்சசன் இருக்கிறான். புலித்தலை, வெள்ளைக்காரக் கனவான்கள் வீட்டில் அணியும் மேலங்கி, கையில் புகைக்குழாய். மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்று தைத்தால் செத்துவிழுவான். இராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவனை அடையாளம் தெரியாது. பத்துத் தலை இல்லை, தவம் இல்லை, வரம் இல்லை, வரத்தில் ஒளிந்திருக்கும் ஓட்டையும் இல்லை.

இவன் எங்கிருந்து வந்தான் என்று தேடிப்போனால் வால்மீகியிடம் போய்ச் சேர மாட்டோம். 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘கோல்சாக்’ என்ற திகில் தொடரின் ஒரு பகுதியில் போய் நிற்போம். அதில் வரும் ராட்சசன், எதிரில் நிற்பவர் யாரை நம்புகிறாரோ அவருடைய உருவில் தோன்றுவான். மந்திரித்த அம்பால்தான் சாவான். அடுத்த ஆண்டே அவன் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்குள் நுழைந்தான். புலித்தலையை ஓவியர் கொடுத்தார். பின்வந்த பதிப்புகள் உள்ளங்கையைப் புறங்கைப் பக்கம் திருப்பிவைத்தன. இன்று உலகெங்கும் இந்த விளையாட்டை ஆடுபவர்களுக்கு ராட்சசன் என்றால் இவன்தான்.

ஒரு பூதத்துக்கே இத்தனை கைமாற்றம் என்றால், ஒரு முழு நாட்டைக் கடன் வாங்கும்போது என்ன நடக்கும்? மாயமும் வாளும் நிறைந்த விளையாட்டு உலகங்களில் நாடுகள் ஏராளம். அநேகமாக ஒவ்வொன்றின் பின்னாலும் நிஜ வரலாற்றில் ஒரு நாடு நிற்கிறது. எந்த நாடு எதன் நகல் என்று பட்டியல் போடுவது ரசிகர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அந்தப் பட்டியலைத் தாண்டி, இந்தக் கடன் எப்படி வாங்கப்படுகிறது, யாரிடமிருந்து எவ்வளவு வாங்கப்படுகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

குறுக்குவழி கண்ட எழுத்தாளர்

இந்த முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. டெக்சஸ் மாநிலத்துக் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து மலிவு விலை இதழ்களுக்குக் கதை எழுதிய ராபர்ட் ஈ. ஹோவர்ட். வரலாற்றுக் கதைகள் மீது அவருக்குத் தீராத ஆசை. ஆனால் ஒவ்வொரு கதைக்கும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய நேரமும் கிடையாது, அதற்கேற்ற சன்மானமும் கிடையாது. 1932இல் கோனன் என்ற வீரனைப் படைத்தபோது இதற்கு வழி கண்டுபிடித்தார். அட்லாண்டிஸ் கடலில் மூழ்கிய பிறகு, ஏடறிந்த வரலாறு தொடங்குவதற்கு முன்பு, ஒரு மறந்துபோன யுகம் இருந்ததாக வைத்துக்கொண்டார். அந்த யுகத்தில் எகிப்தின் சாயலில் ஸ்டிஜியா, சீனத்தின் சாயலில் கிட்டாய், துருக்கியரின் சாயலில் துரான், இந்தியாவின் சாயலில் வெந்த்யா.

வெந்த்யா என்ற பெயர் விந்திய மலையிலிருந்து வந்தது. 1934இல் வெளியான ஒரு நெடுங்கதையில் அந்நாட்டின் அரசி வருகிறாள். பெயர் யாஸ்மினா, பட்டம் தேவி, தலைநகர் அயோத்யா. பாரசீகப் பெயரும் சமஸ்கிருதப் பட்டமும் ஒரே ஆளில். ஹோவர்ட் இந்தியாவுக்கு வந்ததில்லை. அவருக்குத் தெரிந்த இந்தியா, ஆங்கிலேய ஆட்சிக்கால சாகசக் கதைகளில் வரும் இந்தியா. கைபர் கணவாயும் மலைவாழ் குடிகளும் மந்திரவாதிகளும் நிறைந்தது. கடன் பெயரளவில் இந்தியாவிடமிருந்து. உண்மையில் இந்தியாவைப் பற்றி வேறு ஒருவர் எழுதிய புத்தகத்திடமிருந்து.

இந்த முறையால் ஒரு பெரிய லாபம் உண்டு. ‘ஸ்டிஜியாவின் பாம்புக் கோயில்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். மணலும் பிரமிடும் வழுக்கைத்தலைப் பூசாரியும் வாசகர் மனத்தில் தாமாகவே எழுந்துவிடும். பத்துப் பக்க விளக்கம் மிச்சம். விளையாட்டுகளுக்கு இந்தச் சிக்கனம் கதைகளைவிட அதிகம் தேவை. ஆடுபவர் வந்து உட்கார்ந்ததும் ஆட்டம் தொடங்க வேண்டும். பாடம் நடத்த நேரமில்லை. 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தபோது அதன் ஆசிரியர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், இடைக்காலப் போர்களைப் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் விளையாட்டுகளிலிருந்து வந்தவர். 1979இல் அவர் தந்த வாசிப்புப் பட்டியலில் ஹோவர்டின் பெயரும் இருந்தது. குறுக்குவழி அப்படியே கைமாறியது.

பெயர், உடை, காரணம்

கடன் வாங்குவதில் மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, பெயர். டோல்கீனின் ரோஹன் நாட்டு மக்களின் பெயர்கள் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தவை; தியோடன் என்றால் அந்த மொழியில் தலைவன், அரசன். ஒரே மொழியிலிருந்து எல்லாப் பெயர்களையும் எடுக்கும்போது, அந்தக் காகித நாட்டுக்கு ஒரு ஒலி வந்துவிடுகிறது. மொழியறிஞரான அவருக்கு அது கைவந்த கலை. மற்றவர்களிடம் அது பெரும்பாலும் அகராதியைப் புரட்டும் வேலையாக முடிந்தது.

இரண்டாவது, உடை. கட்டடம், ஆயுதம், உணவு, இசை எல்லாம் இதில் அடங்கும். கண்ணுக்கு முதலில் தெரிவது இதுதான். ஆகவே விமர்சனமும் பாராட்டும் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன.

மூன்றாவது, காரணம். ஒரு சமூகம் ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி. இதைக் கடன் வாங்கியவர்கள் குறைவு. வாங்கியவர்களின் நாடுகள்தான் நிலைத்து நிற்கின்றன. பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘வார்ஹாமர்’ நல்ல உதாரணம். அதில் வரும் ‘பேரரசு’ புனித ரோமப் பேரரசை ஒட்டியது. வீரர்கள் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கூலிப்படையினரைப்போல உப்பிய, கிழித்துத் தைத்த பலவண்ணச் சட்டை அணிகிறார்கள். இது உடை மட்டும்தான். விஷயம் அதற்கு அடியில் இருக்கிறது: அங்கே பேரரசன் பிறப்பதில்லை, தேர்ந்தெடுக்கப்படுகிறான். மாகாணங்களை ஆளும் பிரபுக்களிடம் வாக்கு இருக்கிறது. நிஜ வரலாற்றில் 1356ஆம் ஆண்டின் ‘தங்க முத்திரை’ச் சாசனம் ஏழு பேருக்கு அந்த வாக்குரிமையை உறுதிசெய்தது. வாக்குக்குக் கடன்பட்ட பேரரசன் யாரையும் அதட்ட முடியாது. எதிரி எல்லைக்கு வரும்போது ஒரு மாகாணம் படை அனுப்பும், மற்றொன்று தட்டிக்கழிக்கும். வார்ஹாமரின் கதைகளில் பாதி இந்தத் தட்டிக்கழிப்பிலிருந்துதான் பிறக்கின்றன. சட்டையை மாற்றினாலும் அந்த நாடு அந்த நாடாகவே இருக்கும்.

போலந்திலிருந்து வந்த ‘விட்ச்சர்’ விளையாட்டுகள் இன்னும் நெருக்கமாகப் போகின்றன. அவற்றுக்கு மூலம் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கியின் கதைகள்; முதல் விட்ச்சர் கதை 1986இல் ஒரு போலந்து இதழில் வந்தது. மூன்றாவது விளையாட்டு 2015இல் வெளியானது. அதில் முறைப்படி அடக்கம் செய்யப்படாத ஒரு சிசு பேயாகத் திரும்பிவருகிறது. அதைக் கொல்லலாம், அல்லது பெயர் சூட்டி வீட்டு வாசற்படிக்கு அடியில் புதைக்கலாம். புதைத்தால் அதுவே வீட்டைக் காக்கும் தெய்வமாகிறது. இறந்து பிறந்த குழந்தைகள் பற்றிய ஸ்லாவ் நாட்டார் நம்பிக்கையை, ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவாகவே மாற்றிவிட்டார்கள். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் குற்ற உணர்வு அந்த முடிவில் தொங்குகிறது. கன்னித் தெய்வங்களும் நடுகற்களும் உள்ள ஊர்களில் வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். செத்தவரைச் சாந்தப்படுத்தித் தெய்வமாக்குவது நமக்கும் பழகிய வழிதான்.

ஓரத்துக்குப் போகப் போக

இனி இந்த நாடுகளை வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1999இல் வெளிவந்த ‘செவந்த் சீ’ என்ற மேசை விளையாட்டின் உலகம் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நிழல். அவலான் இங்கிலாந்து, மொன்டேன் பிரான்ஸ், காஸ்டில் ஸ்பெயின், ஐசன் ஜெர்மனி, வொடாச்சே இத்தாலி, உசுரா ரஷ்யா. ஸ்காண்டிநேவியாவுக்கு ஒரே தீவுக்கூட்டத்தில் வெண்டல், வெஸ்டன் என்று இரண்டு மக்கள். ஆக ஏழு நாடுகள். பெரும்பாலானவற்றுக்குத் தனி மாந்திரீகம், தனி வாள்வீச்சு. கிழக்கே போனால்? அரபு, துருக்கி, பாரசீகம் எல்லாம் சேர்ந்து ஒரே ‘பிறைப் பேரரசு’. அதற்கும் அப்பால் சீனத்தின் சாயலில் கத்தே.

வார்ஹாமரிலும் இதே கதைதான். பிரிட்டனிலிருந்து கிழக்கே நகர நகர நாடுகள் கலங்கித் தெரிகின்றன. கிஸ்லெவ் நாட்டில் ஜார் மன்னர் ஆள்கிறார்; அவருடைய குதிரைப்படை முதுகில் இறக்கை கட்டிக்கொண்டு போகிறது. ஜார் ரஷ்யாவுக்குரியவர், இறக்கை கட்டிய குதிரைவீரர்கள் போலந்துக்குரியவர்கள். 1610இல் மாஸ்கோவின் கிரெம்ளினுக்குள் புகுந்து இரண்டாண்டு உட்கார்ந்திருந்தது போலந்துப் படை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலந்தை வரைபடத்திலிருந்தே அழித்த மூன்று அரசுகளில் ஒன்று ரஷ்யா. அந்த இருவரையும் ஒரே சீருடையில் நிறுத்த, கொஞ்சம் தூரத்தில் நின்று பார்த்தால்தான் முடியும். இன்னும் கிழக்கே உள்ள கத்தே பல பத்தாண்டுகள் வெறும் பெயராகவே கிடந்தது. 2022இல் ‘டோட்டல் வார்: வார்ஹாமர் 3’ வந்தபோதுதான் அதற்கு முழுமையான படையும் அரசும் கிடைத்தன. அருகே ‘இண்ட்’ என்று ஒரு நாடு குறிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவாகப்பட்டது இன்றுவரை ஏறக்குறைய ஒரு பெயர்ப்பலகைதான்.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தூரத்து நாடுகளைத் தனிப் பொட்டலங்களாகக் கட்டியது. 1985இல் ‘ஓரியன்டல் அட்வென்சர்ஸ்’, 1991இல் ‘மஸ்டிகா’, 1992இல் ‘அல்-காதிம்’. முதலாவதில் சாமுராயின் மானம் மதிப்பெண்ணாக மாறி, கிழக்காசியச் சாயல் கொண்ட எல்லோருக்குமான விதியானது. சீன வணிகனுக்கும் அதே தராசு. இரண்டாவது இன்னும் விசித்திரம். மெக்ஸிகோவின் நிழலான மஸ்டிகா உலகுக்கு அறிமுகமாகும் கதையே, கார்டெல் என்ற படைத்தலைவன் கடல்கடந்து வந்து அதைப் பிடிக்கும் கதை. 1519 முதல் 1521 வரை மெக்ஸிகோவில் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்டெஸ் செய்ததன் மறுபதிப்பு. ஒரு நாடு பிறந்த அன்றே அதன் வீழ்ச்சியும் எழுதப்பட்டுவிட்டது. மூன்றாவது இவற்றுக்குள் மேல். அரபுக் கதை மரபிலிருந்து விதி, விருந்தோம்பல், குடும்ப மானம் ஆகியவற்றை எடுத்து ஒரு சமூக ஒழுங்கைக் கட்டப் பார்த்தது. ஆனாலும் அது கதைகளின் அரேபியா. பக்தாத்தின் கணக்கெழுத்தரோ ஏமனின் விவசாயியோ அங்கே கண்ணில் படுவது அரிது.

ஆக, விதி இப்படி அமைகிறது: அருகில் இருப்பது நாடாகிறது, தூரத்தில் இருப்பது கண்டமாகிறது.

ஷாங்காயிலிருந்து பார்த்தால்

இது மேற்கின் ஆணவம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். பலரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் 2020 செப்டம்பரில் ஷாங்காயின் மிஹோயோ நிறுவனம் வெளியிட்ட ‘கென்ஷின் இம்பேக்ட்’ அந்த முடிவை அசைக்கிறது.

அதில் ஏழு நாடுகள். லியுயே சீனம். குய்லினின் கூம்பு மலைகளும் துறைமுக வணிகமும் நாடக மரபும் அவ்வளவு நுட்பமாக வந்திருக்கின்றன. செய்தவர்களின் சொந்த வீடு அது. இனாசுமா ஜப்பான், மோன்ட்ஷ்டாட் ஜெர்மனி, ஃபொன்டேன் பிரான்ஸ், ஸ்னெஷ்னாயா ரஷ்யா. அடுத்தது 2022 ஆகஸ்டில் திறந்த சுமேரு. இந்தியா, பாரசீகம், அரபு நாடுகள், எகிப்து நான்கும் அந்த ஒன்றுக்குள். 2024 ஆகஸ்டில் வந்த நாட்லானில் மாயர்களின் கினிச்சும் மாவோரி நெருப்புத் தெய்வத்தின் பெயரை ஒட்டிய மவுயிகாவும் யொருபா மரபின் இயான்சனும் பக்கத்துப் பக்கத்துக் குடிகள். வெவ்வேறு பெருங்கடல்களின் கரைகள் ஒரு பள்ளத்தாக்கில் அடைக்கப்பட்டன. இந்த மரபுகளின் பெயர்களைத் தாங்கிய பாத்திரங்கள் பலருக்கும் வெளிர்நிறத் தோல் தரப்பட்டிருந்ததை எதிர்த்து அப்போது பரவலாகக் குரல் எழுந்தது.

ஆனால் சுமேருவைச் சோம்பேறிகளின் வேலை என்று தள்ள முடியாது. பெயரே மேரு மலை. அங்கே ஒரு கல்விக்கழகம்; அதன் ஆறு துறைகளுக்கும் ‘தர்ஷன்’ என்று பெயர், நம் ஆறு தரிசனங்களைப்போல. ஒவ்வொரு துறையின் தனிப்பெயரோ ஜரதுஷ்டிர சமயத்தின் ஆறு அமர சக்திகளிடமிருந்து: வொஹு மனஹ் ‘வஹுமனா’வாகிறது, அமெரெதாத் ‘அமுர்தா’வாகிறது. மறைந்துபோன பெருந்தெய்வம் ருக்கதேவதா. பாலி மொழியில் மரத்தெய்வம். ஒளியியல் அறிஞர் இப்னு அல்-ஹைதமின் பெயரை ஒருவன் தாங்குகிறான். கிரனாடாவின் வேளாண் அறிஞர் அல்-திக்னாரியின் பெயரைக் காட்டுக்காவலன் தாங்குகிறான். வேதத்துக்கும் அவெஸ்தாவுக்கும் உள்ள உறவு தெரிந்தவர்கள்தான் இந்தக் கோர்வையைச் செய்திருக்க முடியும்.

இத்தனை படித்தும் நான்கு பெரும் பண்பாடுகள் ஒரே நாட்டில்தான் குடியேறின. சீனர்கள் ஐரோப்பாவை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தியாவையும் எகிப்தையும் ஒட்டவைத்தார்கள். கற்பனை இலக்கியமும் அனிமேவும் வழியாக ஐரோப்பா ஏற்கெனவே அவர்கள் வீட்டுக்குள் வந்திருந்தது, நாம் வரவில்லை. தூரம் என்பது மைல் கணக்கு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. லக்னோவைவிட லியோன் ஷாங்காய்க்கு அருகில் இருக்கிறது.

அறிவு போதுமா?

அப்படியானால் தூரத்தைக் கடந்த ஒருவர் நாடு கட்டினால்? அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1975இல் வெளிவந்த ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ விளையாட்டின் உலகமான டெக்குமேலைப் படைத்தவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருதுவும் தெற்காசியவியலும் கற்பித்த பேராசிரியர். அமெரிக்கப் பழங்குடி மொழியான கிளாமத்துக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர். அவருடைய சோல்யானுப் பேரரசில் இந்தியாவும் எகிப்தும் மாயர்களின் உலகமும் கரைந்து புதிதாக ஒன்று உருவாயிற்று. குலம், படிநிலை, கோயில் அதிகாரம், வெளியூரானுக்கு இடமில்லாத சமூகம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். ‘காரணம்’ என்ற அடுக்கில் டெக்குமேலுக்கு நிகரானவை மிகச் சில.

அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 2022இல், அந்தப் படைப்பைப் பராமரிக்கும் அறக்கட்டளையே ஒன்றை உறுதிசெய்தது: 1991இல் புனைபெயரில் வெளியான ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவரே. பல மக்களின் மொழியைக் கற்ற மனிதர், மனிதரை இனத்தால் தரம்பிரிக்கும் கொள்கைக்குக் கதை எழுதினார். அறிவு தூரத்தைக் குறைக்கும். மனிதரை நல்லவராக்கும் என்று உத்தரவாதம் தராது. இந்த ஆய்வில் கசப்பான பகுதி இதுதான்.

திருத்தங்கள்

கடந்த பத்தாண்டுகளில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டு விளையாட்டு 2017இல் ‘இக்ஸலான்’ என்ற உலகைத் தந்தது. அதில் கடல்கடந்து வரும் ஸ்பானியச் சாயல் கொண்ட படையினர் இரத்தம் குடிக்கும் பேய்கள். மஸ்டிகா கதையின் பார்வை அப்படியே தலைகீழாயிற்று. அதே விளையாட்டு 2016இல் இந்தியச் சாயலில் கண்டுபிடிப்பாளர்களின் உலகம் ஒன்றைப் படைத்து ‘கலாதேஷ்’ என்று பெயரிட்டது. பாம்பாட்டியும் சாமியாரும் இல்லாமல் பொறியாளர்களால் ஆன இந்தியா என்பது நல்ல மாறுதல். ஆனால் ஆங்கில எழுத்தில் ‘கலா’வுக்கும் ‘காலா’வுக்கும் வேறுபாடு கிடையாது. கலை நாடு என்றும் படிக்கலாம், கறுப்பு நாடு என்றும் படிக்கலாம். 2025இல் அந்த உலகம் ‘ஆவிஷ்கார்’ என்று பெயர் மாறித் திரும்பிவந்தது.

2020இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பதிப்பாளர் பழைய நூல்களின் மின்பதிப்புகளில் எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தார். 2022இல் வந்த ‘ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பின் 13 கதைகளையும் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்கள் எழுதினார்கள். அதில் மிமி மோண்டல் எழுதிய நாடு, வங்காளத்தின் ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டியது. ‘இந்தியா’ என்று எழுதாமல் ஒரு ஆற்றங்கரையை எழுதினார் என்பதே முன்னேற்றம்.

கற்பனை உலகத்துக்கு வெளியே, வரலாற்று விளையாட்டான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் நடந்தது நமக்கு நேரடியாகப் பொருந்தும். 2013இல் அதில் ‘இந்தியர்’ என்று ஒரே மக்கள் சேர்க்கப்பட்டார்கள். 2022 ஏப்ரலில் அது இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நான்காகப் பிரிந்தது. திராவிடருக்குச் சுருள்வாளான உருமியை ஏந்தும் வீரர், உருக்கின் நுட்பம், இராசேந்திர சோழனின் படையெடுப்புகள். மகிழ்ச்சிதான். ஆனால் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் இன்னும் ஒரே கொட்டகையில். சோழரும் சாளுக்கியரும் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டது அந்தக் கொட்டகைக்கு வெளியே தெரியாது.

சொந்த நாட்டவர் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. புனேயைச் சேர்ந்த குழு ஒன்று 2020இல் வெளியிட்ட ‘ராஜி’, பஹாரி ஓவிய மரபையும் ராஜஸ்தான் மாளிகைகளையும் அழகாகக் கையாண்டது. தஞ்சாவூரிலிருந்து அதை ஆடும் ஒருவருக்கு அந்தப் பழைய இந்தியா கொஞ்சம் வெளியூராகத்தான் இருக்கும். நாட்டுக்குள்ளும் தூரம் உண்டு.

நம் வரைபடத்தின் ஓரம்

கடன் வாங்குவது குற்றமில்லை. வாங்காமல் உலகம் படைத்தவர் எவருமில்லை. தன் இனத்தைத் தவிர வேறு எதையும் எழுதாதே என்று கட்டளையிட்டால் கற்பனையே வற்றிப்போகும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உடையோடு நின்றாயா, காரணம் வரை போனாயா?

இந்தக் கேள்வியைப் பிறரிடம் மட்டும் கேட்க நமக்கு உரிமை கிடையாது. சங்கப் பாடல்களில் சேர, சோழ, பாண்டியர் தனித்தனி; ஐந்திணைக்கும் தனி மரம், தனிப் பறை; சிறுமலைக்கும் ஒரு வேள் உண்டு. கடலுக்கு அப்பால் மதுவும் பொன்னும் கொண்டுவந்தவர்கள் கிரேக்கரானாலும் ரோமரானாலும் நமக்கு ‘யவனர்’தான். அதே சொல் தேய்ந்து சோனகர் ஆகி, பிற்காலத்தில் அரபியரையும் குறித்தது. நாளை ஒரு தமிழ் இளைஞர் சொந்தமாக ஒரு விளையாட்டு உலகம் கட்டினால், நடுவில் முந்நூறு ஊர்ப்பெயர்களும் வடமேற்கு மூலையில் ‘யவன நாடு’ என்று ஒரே பெயரும் எழுதும் ஆசை அவருக்கும் வரும்.

எனவே அடுத்தமுறை எந்த விளையாட்டின் வரைபடத்தை விரித்தாலும், நடுவில் எத்தனை நாடு, ஓரத்தில் எத்தனை நாடு என்று எண்ணிப் பாருங்கள். வரைந்தவர் எங்கே நின்றுகொண்டு வரைந்தார் என்பது அந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.